மருந்து உடம்பை விட்டு எப்போது முழுசாகப் போகும்? (பிளஸ் டூ கணக்கு Vs நிஜ ரத்தம்)

மஞ்சக்குப்பம் டியூஷன் | 8.2.2025, இரவு 9:12

பயிற்சித் தாளில் வந்த கணக்கு இது. நோயாளிக்கு 12 மி.கி. மருந்து கொடுக்கிறார்கள். அது சிறுநீரில் வெளியேறும் வேகம் மணிக்கு 3 × √நேரம் மி.கி. உடம்பில் மருந்தே இல்லாமல் போவது எப்போது?

தொகையிட்டால் மிச்சம் = 12 − 2 × (நேரத்தின் 3/2 அடுக்கு). அதைப் பூஜ்ஜியமாக வைத்தால் நேரம் 36-இன் கனமூலம், அதாவது 3.3 மணி. மார்க் கிடைத்துவிடும்.

அதே தாளில் அடுத்த கணக்கு கதிரியக்கச் சிதைவு. அங்கே மிச்சம் எந்தக் காலத்திலும் பூஜ்ஜியம் ஆகாது. மருந்து இதில் எந்தக் கட்சி? கடலூர், பாண்டிப் பக்கம் பார்மகாலஜி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எனக்குக் கணக்கு தெரியும், மருந்து தெரியாது.

கோரிமேடு பார்மா | 8.2.2025, இரவு 10:05

சார், அந்தக் கணக்கில் வேகத்தை நேரம் தீர்மானிக்கிறது. கோளாறே அங்கேதான். நேரம் 0-இல் ரத்தத்தில் மருந்து அதிகபட்சமாக இருக்கிறது, ஆனால் வெளியேறும் வேகம் 0. மருந்து தீரப்போகும் 3.3-வது மணியில் வேகம் மணிக்கு 5.45 மி.கி. 4 மணிக்குப் போட்டுப் பாருங்கள், மிச்சம் −4 மி.கி. வரும். சிறுநீரகம் கடிகாரம் பார்த்து வேலை செய்வதில்லை. ரத்தத்தில் எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ப எடுக்கிறது.

எழுத வேண்டியது இப்படி (கே ஒரு மாறிலி, எக்ஸ்ப் என்பது e-இன் அடுக்கு): செறிவு குறையும் வேகம் = கே × செறிவு. தீர்வு: செறிவு = ஆரம்பச் செறிவு × எக்ஸ்ப்(−கே × நேரம்). அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) = 0.693 / கே. ஆக, கதிரியக்கக் கட்சிதான். பெரும்பாலான மருந்துகள், வழக்கமான டோஸில்.

கெடிலக்கரை | 8.2.2025, இரவு 10:20

அப்போ என்றைக்கோ போட்ட ஊசி மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறதா 😀

கோரிமேடு பார்மா | 8.2.2025, இரவு 10:31

5 அரை ஆயுளில் மிச்சம் 3.1%. 7-இல் 0.8%. அதற்குமேல் லேப் மெஷினால் அளக்க முடியாத அளவுக்குப் போய்விடும். நடைமுறையில் 5 அரை ஆயுள் தாண்டினால் ‘போய்விட்டது’ என்போம்.

ரிப்போர்ட்டில் ‘அளவிட முடியாத அளவு’ என்று வந்தால் அந்த இடத்தில் 0 என்று நிரப்பாதீர்கள். கே கண்டுபிடிக்க மடக்கை எடுக்கும்போது எக்செல் பிழை காட்டும். அதற்குப் பயந்து 0.001 என்று ஒரு எண்ணைத் திணித்தால் இன்னும் மோசம், சாய்வு தரையில் விழுந்து அரை ஆயுள் பாதியாகிவிடும். அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் டியூஷன் | 9.2.2025, காலை 7:48

புரிந்தது. அடுத்த சந்தேகம். ஒரு மருந்துக்குக் கே எங்கிருந்து வருகிறது? கதிரியக்கத் தோரியத்துக்கு இருப்பது மாதிரி மருந்துக்கும் ஒரு நிரந்தர எண்ணா?

கோரிமேடு பார்மா | 9.2.2025, மதியம் 1:15

இல்லை. கே இரண்டு எண்களுக்குப் பிறந்த பிள்ளை. கிளியரன்ஸை வால்யூமால் வகுத்தால் கே.

வீட்டு மாடியில் 50 லிட்டர் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் சாயம் கலந்திருக்கிறது. ஒரு மோட்டார் மணிக்கு 15 லிட்டரை இழுத்து, சாயத்தை வடிகட்டிவிட்டு, சுத்தத் தண்ணீரைத் திரும்பவும் தொட்டியிலேயே விடுகிறது. அந்த 15 லிட்டர்தான் கிளியரன்ஸ். கே = 15/50 = 0.3. தொட்டி 100 லிட்டராக இருந்தால் அதே மோட்டாருக்கு கே 0.15 ஆகிவிடும், அரை ஆயுள் இரட்டிப்பு. மோட்டாரில் பழுது எதுவும் இல்லை. அரை ஆயுள் கூடியதைப் பார்த்ததும் ‘கிட்னி போச்சு’ என்று எழுதுகிற மாணவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

வால்யூம் என்பது நிஜத் தொட்டியும் அல்ல. டிஜாக்ஸின் என்ற இதய மருந்துக்கு அது கிலோவுக்குச் சுமார் 7 லிட்டர். 70 கிலோ ஆளுக்கு 500 லிட்டருக்குப் பக்கம். ஆளே 70 கிலோ! மருந்து இதயத் தசை, எலும்புத் தசை எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்வதால் ரத்தத்தில் செறிவு ரொம்பக் குறைவாகத் தெரிகிறது. டோஸை அந்தக் குறைந்த செறிவால் வகுத்தால் இவ்வளவு பெரிய எண் வரும்.

வில்லியனூர் மெடிக்கல்ஸ் | 9.2.2025, இரவு 8:50

டிஜாக்ஸின் பேச்சு வந்ததால் ஒன்று. மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது ஆன பிறகுதான் அதற்கு ரத்தம் எடுக்க வேண்டும். 2 மணியில் எடுத்தால் மருந்து இன்னும் தசைக்குள் இறங்கியிருக்காது, ரத்தத்தில் பொய்யாக உயரமான எண் வரும். ஒற்றைத் தொட்டிச் சமன்பாட்டுக்கு அந்த நேரம் பொருந்தாது, இரண்டு எக்ஸ்ப் உறுப்பு போட வேண்டும்.

கோரிமேடு பார்மா | 9.2.2025, இரவு 9:30

சரியாகச் சொன்னீர்கள். அதோடு சேர்மானக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஒரே டோஸைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அது பெருக்குத்தொடர். கூட்டினால் 1 / (1 − எக்ஸ்ப்(−கே × இடைவெளி)).

டிஜாக்ஸின், அரை ஆயுள் 40 மணி, தினம் ஒரு மாத்திரை: கே = 0.0173, சேர்மானம் 2.9 மடங்கு. சமநிலைக்கு (வரவும் செலவும் சமமாக) 5 அரை ஆயுள், அதாவது 200 மணி, 8 நாளுக்கு மேல். சிறுநீரகம் தளர்ந்து அரை ஆயுள் 100 மணி ஆகிவிட்டால் சேர்மானம் 6.5 மடங்கு, சமநிலைக்கு 3 வாரம். முதல் வாரத்தில் எடுத்த ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும். ஏறுமுகத்தில் இருக்கிற வளைவின் நடுப் புள்ளி அது.

கெடிலக்கரை | 10.2.2025, இரவு 11:02

மாத்திரைக்கு இது போதாதே. ஊசி என்றால் நேரம் 0-இல் உச்சம். மாத்திரை வயிற்றில் கரைந்து உள்ளே வர வேண்டும்.

கோரிமேடு பார்மா | 11.2.2025, காலை 6:55

இரண்டு சமன்பாடு வேண்டும். குடலில் இருப்பது கே.ஏ. (உறிஞ்சப்படும் மாறிலி) வேகத்தில் குறைகிறது. ரத்தத்தில் இருப்பது அதே அளவு கூடி, கே வேகத்தில் குறைகிறது. ஹாரி பேட்மேன் 1910-இல் கதிரியக்கச் சங்கிலிக்குத் தீர்த்த அதே ஜோடிதான். டியோரெல் என்ற ஸ்வீடன்காரர் 1937-இல் மருந்துக்கு இந்த மாதிரித் தொட்டிச் சமன்பாடுகளை எழுதினார்.

செறிவு = (உள்ளே வரும் டோஸ் / வால்யூம்) × கே.ஏ. / (கே.ஏ. − கே) × [எக்ஸ்ப்(−கே × நேரம்) − எக்ஸ்ப்(−கே.ஏ. × நேரம்)]

வகையிட்டுப் பூஜ்ஜியமாக்கினால் உச்ச நேரம் = இயல்மடக்கை(கே.ஏ./கே) / (கே.ஏ. − கே). டோஸ் இந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை, கவனியுங்கள். இரண்டு மாத்திரை போட்டாலும் உச்சம் சீக்கிரம் வராது.

பாராசிட்டமால் 500 மி.கி. கணக்குக்கு வைத்துக்கொள்ளும் எண்கள்: 85% உள்ளே வருகிறது (425 மி.கி.), வால்யூம் 50 லிட்டர், கே 0.3, கே.ஏ. 2. உச்ச நேரம் 1.12 மணி, 67 நிமிடம். உச்சச் செறிவு லிட்டருக்கு 6.1 மி.கி.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். கே.ஏ. 0.6 என்று வைப்போம். உச்ச நேரம் 2.3 மணி, உச்சம் 4.25. வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு, அதாவது ரத்தம் மொத்தமாகப் பார்த்த மருந்து, இரண்டுக்கும் ஒன்றே: 425 / (0.3 × 50) = 28.3. தலைவலி தாமதமாகக் குறையும், ஆனால் மருந்து வீணாகவில்லை.

மஞ்சக்குப்பம் டியூஷன் | 11.2.2025, மாலை 4:20

கே.ஏ.-வும் கே-யும் சமமானால் 0/0. லோபிதால் விதி கேட்க இதைவிட நல்ல கேள்வி வேண்டாம். விடை: (டோஸ்/வால்யூம்) × கே × நேரம் × எக்ஸ்ப்(−கே × நேரம்), உச்ச நேரம் 1/கே. சரிபார்த்தேன்.

வில்லியனூர் மெடிக்கல்ஸ் | 11.2.2025, இரவு 9:14

கே.ஏ., கே-யைவிடச் சிறியதாக இருந்தால்?

கோரிமேடு பார்மா | 11.2.2025, இரவு 9:58

கடைசிச் சாய்வு கே-யைக் காட்டாது, கே.ஏ.-வைக் காட்டும். சிறந்த உதாரணம் பென்சிலின். நரம்பில் போட்டால் அரை ஆயுள் சுமார் அரை மணி நேரம். அதே பென்சிலினை பென்சத்தைன் உப்பாக இடுப்புத் தசையில் போட்டால் வாரக்கணக்கில் கசிகிறது. ருமாட்டிக் இதய நோய்க்காரருக்கு 3 வாரம் அல்லது 4 வாரத்துக்கு ஒரு ஊசி போதுமாவது அதனால்தான். சிறுநீரகம் அதே வேகத்தில்தான் எடுக்கிறது, தசையிலிருந்து வரவுதான் மெதுவு. மாத்திரைப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது கே, எது கே.ஏ. என்று சொல்லிவிட முடியாது. நரம்பில் போட்ட தரவு ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கெடிலக்கரை | 12.2.2025, இரவு 11:40

சூத்திரத்தை விட்டுவிட்டு எக்செல்லில் படிப்படியாக ஓட்டினேன். ஒரு வரிசைக்கு ஒரு மணி. பாராசிட்டமால், கே.ஏ. 2. குடல் நெடுவரிசையில் 425, அடுத்த வரி −425, அடுத்தது 425, மறுபடி −425. குடல் கடன் வாங்கிக் கடன் கொடுக்கிறது.

இப்படிப் படிப்படியாக ஓட்டும் ஆய்லர் முறையில் ஒவ்வொரு வரியும் (1 − கே.ஏ. × படி) ஆல் பெருகும். 2 × 1 = 2, ஆக −1. படியைக் குறைத்தாக வேண்டும். படி × இருப்பதிலேயே பெரிய மாறிலி, 0.1-க்கு மேல் போகக் கூடாது. இங்கே 0.05 மணி, 3 நிமிடம்.

குறி மாறாத இடத்திலும் பிழை ஒளிந்திருக்கும், அதுதான் ஆபத்து. கே 0.3 மட்டும் 6 மணி நேரம்: நிஜ மிச்சம் 16.5%. ஒரு மணிப் படியில் 0.7-இன் 6-ஆம் அடுக்கு, 11.8%. படி 0.1 மணி என்றால் 16.1%. முதல் வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எளிய வைத்தியம்: (1 − கே × படி) எழுதும் இடத்தில் எக்ஸ்ப்(−கே × படி) எழுதிவிடுங்கள். தூய குறைவுக்குப் பிழையே வராது.

ஆல்பேட்டை | 13.2.2025, இரவு 10:10

எல்லாம் சரி அண்ணே. பாண்டியில் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்குள் எத்தனை அரை ஆயுள் ஓடும்? 😁

கோரிமேடு பார்மா | 13.2.2025, இரவு 10:48

தம்பி, சாராயத்துக்கு அரை ஆயுளே கிடையாது. ஈரல் என்சைம் கொஞ்சச் செறிவிலேயே நிரம்பிவிடுவதால் அது போகும் வேகம் நிலையானது. 100 மி.லி. ரத்தத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. இறங்குகோடு நேர்கோடு.

கணக்கு: 180 மி.லி. × 42.8% × 0.789 (ஆல்கஹாலின் அடர்த்தி) = 61 கிராம் ஆல்கஹால். விட்மார்க் 1932-இல் கொடுத்த முறைப்படி, ஆணுக்குக் காரணி (உடல் எடையில் ஆல்கஹால் பரவும் பங்கு) 0.68. 60 கிலோ ஆளுக்கு 61 / 40.8 = 1.5, அதாவது 100 மி.லி.க்குச் சுமார் 150 மி.கி. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின் வரம்பு 30. குறைய வேண்டியது 120. 120 / 15 = 8 மணி நேரம். செக்போஸ்ட் இருப்பது 20 சொச்சம் கிலோமீட்டரில். ஈரல் மந்தமாக மணிக்கு 10 எடுக்கும் ஆளாக இருந்தால் 12 மணி. காலை 7 மணிக்கு ஸ்கூட்டரை எடுக்கிறவரும் மாட்டுவார். மோர், எலுமிச்சை, காபி எதுவும் அந்தச் சாய்வை மாற்றாது. பஸ் பிடியுங்கள்.

ஆல்பேட்டை | 13.2.2025, இரவு 10:51

வகைநுண்கணிதம் இவ்வளவு கொடூரமா.

கோரிமேடு பார்மா | 14.2.2025, இரவு 9:05

விளையாட்டாகக் கேட்டதில் விஷயம் இருக்கிறது. நேர்கோட்டுக்கும் எக்ஸ்ப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மருந்து பெனிட்டாயின், வலிப்புக்குக் கொடுப்பது. மைக்கேலிஸ்-மென்டன் (1913) சமன்பாடு:

நீங்கும் வேகம் = உச்ச வேகம் × செறிவு / (அரைச்செறிவு + செறிவு)

சராசரி எண்கள்: உச்ச வேகம் கிலோவுக்குத் தினம் 7 மி.கி., அரைச்செறிவு (உச்ச வேகத்தில் பாதி வரும் செறிவு) லிட்டருக்கு 4 மி.கி. 60 கிலோ ஆளுக்கு உச்ச வேகம் தினம் 420. சமநிலையில் வரவும் செலவும் சமம்: செறிவு = அரைச்செறிவு × டோஸ் / (உச்ச வேகம் − டோஸ்).

தினம் 300: செறிவு 10
தினம் 350: செறிவு 20
தினம் 400: செறிவு 80

இருக்க வேண்டிய எல்லை 10 முதல் 20. டோஸ் மூன்றில் ஒரு பங்கு கூடினால் செறிவு எட்டு மடங்கு. பகுதியில் இருக்கும் கழித்தல் குறியின் வேலை.

வில்லியனூர் மெடிக்கல்ஸ் | 14.2.2025, இரவு 9:40

ஒரு திருத்தம். கடையில் இருக்கும் மாத்திரை பெனிட்டாயின் சோடியம். 100 மி.கி.யில் மருந்து 92 மி.கி.தான். 300, 350, 400 என்று சீட்டில் எழுதினால் உள்ளே போவது 276, 322, 368. செறிவு 7.7, 13.1, 28.3 வரும். சிரப் வடிவத்தில் உப்பு இல்லை, முழு பெனிட்டாயின். மாத்திரையிலிருந்து சிரப்புக்கு ‘அதே மி.கி.’ என்று மாற்றினால் டோஸ் கிட்டத்தட்ட 9% சத்தமில்லாமல் கூடிவிடும். மற்ற மருந்தில் 9% ஒன்றுமில்லை, இதில் ஆள் தள்ளாடுவார்.

கோரிமேடு பார்மா | 14.2.2025, இரவு 10:02

உப்பைச் சேர்த்த உங்கள் எண்களையே வைத்துக்கொள்வோம். அதிலும் 300-லிருந்து 400-க்கு கிட்டத்தட்ட நாலு மடங்கு. சீட்டில் 500 எழுதினால் உள்ளே 460, அது 420-ஐத் தாண்டுகிறது. சமநிலையே இல்லை, ஏறிக்கொண்டே போகும். 10-க்கு மேல் வந்தபின் 30, 50 மி.கி. அளவில்தான் கூட்டுவார்கள், 100 கிடையாது. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் டோஸைத் தொட வேண்டாம், இவை சராசரி எண்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

மஞ்சக்குப்பம் டியூஷன் | 15.2.2025, மதியம் 3:33

இதற்குச் சமநிலை வர எத்தனை நாள்? 5 அரை ஆயுள் என்று சொல்ல முடியாதே, அரை ஆயுளே செறிவோடு மாறுகிறது. தொகையிட்டுப் பார்த்தேன். மாறிகளைப் பிரித்தால் பகுதியில் (சமநிலைச் செறிவு − செறிவு) வருகிறது, மிச்சம் சுலபம்:

நேரம் = வால்யூம் / (உச்ச வேகம் − டோஸ்) × [(அரைச்செறிவு + சமநிலைச் செறிவு) × இயல்மடக்கை(சமநிலை / (சமநிலை − செறிவு)) − செறிவு]

வால்யூம் கிலோவுக்கு 0.65 லிட்டர் என்று இணையத்தில் பார்த்தேன், 60 கிலோவுக்கு 39. சமநிலையின் 90% தொட, மடக்கை 2.303:

276 மி.கி.: 5.4 நாள்
322 மி.கி.: 11 நாள்
368 மி.கி.: 37 நாள்

சரியா?

கோரிமேடு பார்மா | 15.2.2025, மாலை 6:10

சரியே சரி. அந்த 37-தான் ஆளை ஏமாற்றும். டோஸைக் கூட்டி ஒரு வாரத்தில் ரத்தம் எடுப்பார்கள், எண் எல்லைக்குள் இருக்கும், அப்படியே தொடரச் சொல்வார்கள். நோயாளி ஒரு மாதம் கழித்துத் தள்ளாடிக்கொண்டு, கண் ஆட, திரும்பி வருவார். இடையில் யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பொறி: பெனிட்டாயினில் 90% ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். ஆல்புமின் குறைந்தவருக்கு மொத்த அளவு குறைவாகத் தெரியும், வேலை செய்யும் பகுதி அப்படியே இருக்கும். திருத்தம்: அளந்த எண் / (0.2 × ஆல்புமின் + 0.1). ஆல்புமின் 2, அளந்தது 8 என்றால் நிஜத்தில் 16-க்குச் சமம். 8 என்று பார்த்து டோஸைக் கூட்டினால் மேலே உள்ள பட்டியலின் கடைசி வரிக்குப் போய்ச் சேருவார்.

கெடிலக்கரை | 16.2.2025, காலை 11:25

பரப்புக்கு வருவோம். சமன்பாடு இல்லாமல் வெறும் புள்ளிகள் மட்டும் இருந்தால், பரப்பைச் சரிவகங்களாக வெட்டிக் கூட்டுவதுதானே?

கோரிமேடு பார்மா | 16.2.2025, மதியம் 12:40

ஏறும் பக்கம் சாதாரணச் சரிவகம். இறங்கும் பக்கம் மடக்கைச் சரிவகம், ஏனென்றால் வளைவு உள்ளே குழிந்திருக்கும், நேர்கோடு அதற்கு மேலே ஓடும். இரண்டு புள்ளி, 8-உம் 2-உம், இடைவெளி 4 மணி. சாதாரணம்: 20. மடக்கை: (8 − 2) × 4 / இயல்மடக்கை(4) = 17.3. ஒரே துண்டில் 15% அதிகம். இரண்டு புள்ளியும் சமமானால் மடக்கை 0 ஆகி எக்செல் முறைக்கும், அந்தத் துண்டுக்கு மட்டும் சாதாரணத்துக்குத் திரும்புங்கள்.

கடைசிப் புள்ளிக்குப் பிறகு வால் ஒன்று இருக்கிறது: கடைசிச் செறிவு / கே. மேலே உள்ள உதாரணத்தில் கே 0.347, வால் 5.8. மொத்தப் பரப்பில் வால் 20%-ஐத் தாண்டினால் ரத்தம் எடுப்பதைச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம், இன்னும் தாமதமாக ஒரு சாம்பிள் வேண்டும். கே-க்கு இறங்குமுகத்தில் குறைந்தது 3 புள்ளி, உச்சப் புள்ளியைச் சேர்க்கக் கூடாது. 10 அடிமான மடக்கையில் கோடு போட்டிருந்தால் சாய்வை 2.303-ஆல் பெருக்குங்கள். பெருக்க மறந்த நோட்டுகள் வருஷா வருஷம் வரும்.

வில்லியனூர் மெடிக்கல்ஸ் | 16.2.2025, இரவு 8:15

ட்ரிப் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்த புள்ளியையும் தூக்கிவிடுங்கள். அது ரத்தத்தின் செறிவு இல்லை, பாட்டிலின் செறிவு. மற்றப் புள்ளிகளைவிடப் பத்து மடங்கு உயரத்தில் ஒன்று தனியாக நின்றால் முதலில் எந்தக் கை என்று கேளுங்கள்.

கெடிலக்கரை | 17.2.2025, இரவு 10:30

ஷீட் தயார், படி 3 நிமிடம், 24 மணி வரை. பரப்பு 28.3 வருகிறது. இது தற்செயலா, சரிபார்க்க வழி உண்டா?

கோரிமேடு பார்மா | 17.2.2025, இரவு 10:52

பரப்பு × கிளியரன்ஸ் = உள்ளே வந்த டோஸ். 28.3 × 15 = 425. வந்த மருந்தெல்லாம் ஒரு வழியாக வெளியே போயாக வேண்டும், அதனால் எந்தச் சமன்பாட்டை ஓட்டினாலும் இந்தச் சோதனை உண்டு, கிளியரன்ஸ் நிலையாக இருக்கும் வரை. பெனிட்டாயின் ஷீட்டுக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள், அங்கே கிளியரன்ஸே செறிவோடு மாறும். 425-க்குப் பதில் 7 சொச்சமோ 25,000 சொச்சமோ வந்தால் 60-ஆல் பெருக்கியோ வகுத்தோ பாருங்கள். யாரோ நேரத்தை நிமிடத்திலும் கே-யை மணியிலும் போட்டிருக்கிறார்கள்.